நாகரசம்பட்டி மையத்தின் மீது புகார் இல்லை

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு கோடையில், ஓசூர் எல்லைப்புறத் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி வாரியம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு வேலையைச் செய்து முடித்தது. ஒன்றரை மணி நேரம் ஓடும் ஒரு படம் எடுத்தது. தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் கையை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லும் படம். முதல் கால் மணி நேரம் வாரியத்தின் இணை இயக்குநர் அண்ணாதுரை சார் பேசுவார். மெஷின் அதற்குப் பிறகுதான் வரும்.

வாரியத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பயிற்சி மையங்கள் இருந்தன. மையம் என்றால் ஒரு அறை, ஒரு டியூப்லைட், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து இந்தப் படம் அந்த மையங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் காரியம்.

நான் அந்த அலுவலகத்தில் உதவியாளர் ஜெயமணி. கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. யார் என்ன உளறினாலும் 'விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று எழுதிவிடுவேன். ஒரு நாள் மட்டும் வாய் சும்மா இருக்காமல், "சிடியில போட்டு டவுன் பஸ் கண்டக்டர் கிட்டக் கொடுத்தா மத்தியானத்துக்குள்ள தளி போயிடுமே சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

சொன்ன நேரம் சரியில்லை. அண்ணாதுரை சார் அந்த வாரம்தான் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய் வந்திருந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது கழுத்தில் ஒரு அட்டையும் வாயில் 'நெட்வொர்க்' என்ற சொல்லும் தொங்கிக்கொண்டிருந்தன. பேனா கேட்டால்கூட "நெட்வொர்க்ல கேளுங்க" என்றார்.

"ஜெயமணி, உலகம் எங்கே போய்க்கிட்டிருக்கு, நீங்க பஸ்ல போய்க்கிட்டிருக்கீங்க" என்றார். மறுநாளே 'இது சிடி இல்லா அலுவலகம்' என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார்கள். அலமாரியில் இருந்த சிடிகளை எடுத்து, சிட்டுக்குருவி வராமல் இருக்க ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டோம்.

நெட்வொர்க்கை உண்டாக்க வினிதா என்ற இன்ஜினியரை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். கெட்டிக்காரப் பெண். ஒரே இடத்திலிருந்து இருபது இடத்துக்கும் படம் அனுப்ப நம்முடைய லைன் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மையங்களே ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்ளும்படி செய்தாள். தளியில் ஒரு துண்டு இருந்தால் குருபரப்பள்ளி அதைத் தளியிடம் வாங்கிக்கொள்ளும். குருபரப்பள்ளியில் இருப்பது தளிக்குப் போகும்.

"யாரு நல்லாக் கொடுப்பாங்கன்னு மெஷினுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"தெரியாதுண்ணா. புதுசாக் குடி வந்தவங்க சர்க்கரை கேட்கற மாதிரிதான். ஏதோ ஒரு கதவத் தட்டிப் பார்க்கணும். கொடுத்தாங்கன்னா அடுத்த தடவையும் அங்கயே போலாம். ஆனா அப்பப்ப தெரியாத ஒரு வீட்டையும் தட்டிப் பார்க்கணும். அவங்க இன்னும் நல்லவங்களா இருந்துட்டா?"

நியாயமாகத்தான் பட்டது. மெஷினும் அப்படியே செய்தது. முதல் இரண்டு நாளிலேயே கிட்டத்தட்ட எல்லா மையத்திலும் படத்தில் ஏதாவது ஒரு பகுதி வந்து சேர்ந்திருந்தது. எல்லாரையும்விட அதிகம் கொடுத்தது தளி மையம். அங்கே பொறுப்பாளர் சென்றாயன் என்பவர், கம்ப்யூட்டரை அணைத்தால் மறுபடி உயிர் வராதோ என்ற பயத்தில் அதை அணைப்பதே இல்லை. இரவும் பகலும் அது பாட்டுக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்தப் படத்துக்காக ஒருத்தி காத்திருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெயர் மாதேஸ்வரி. தளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் தோட்டத்தில் முட்டைக்கோசும் ரோஜாவும் பறித்தவர்கள். அவள் மட்டும் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து மூன்று வருஷமாக பிரஸ் மெஷின் ஓட்டினாள். மே மாதம் முடிவதற்குள் வாரியத்தின் படத்தை முழுதாகப் பார்த்து முத்திரை வாங்கி வரும் பெண்களில் பன்னிரண்டு பேரை நிரந்தரம் செய்வதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. மற்றவர்களுக்கு ஜூன் மாதம் ஒப்பந்தமும் கிடையாது, மெஷினும் கிடையாது. மூன்று வருஷமாக ஓட்டிய மெஷினை ஓட்டத் தெரியுமா என்பது, படம் பார்த்தால்தான் அவளுக்கே தெரியும் என்பது ஏற்பாடு.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் தவறாகப் போயிற்று. ஒழுங்காக நடக்கிற ஒன்றைப் பார்த்தால் மேலதிகாரிக்குச் சந்தேகம் வரும். அண்ணாதுரை சார் வினிதாவின் அறிக்கையை வாங்கி வரிவரியாகப் படித்தார். ஒரு வரியில் அவருக்கு வேர்த்துவிட்டது.

"ஏம்மா, இது என்ன? 'முன்பின் தெரியாத ஒரு மையத்தை மெஷின் தானாகத் தேர்ந்தெடுத்து முயன்று பார்க்கும்.' யாரைக் கேட்டு முயன்று பார்த்துச்சு?"

"யாரையும் கேட்காது சார். அதுவே குத்துமதிப்பா ஒண்ண எடுக்கும்."

"குத்துமதிப்பா! ஒரு வாரியத்துல, குத்துமதிப்பா! எனக்கே முன்னூறு ரூபாய்க்கு மேல முடிவெடுக்க அதிகாரம் இல்ல. இந்த மெஷினுக்கு யார் கொடுத்தா?"

"முயற்சி பண்ணிப் பார்த்தாத்தான சார் நல்ல மையம் எதுன்னு தெரியும்?"

"நல்ல மையம்னு தெரியாம எப்படிம்மா முயற்சி பண்ண அனுமதி கொடுக்கறது? நாளைக்கு அது மோசமான மையமா இருந்தா ஆடிட்ல யார் பதில் சொல்றது?"

வினிதா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலில் ஆடிய சிடியைப் பார்த்தேன். விரிவாக விவாதிக்கப்பட்டது.

அன்று மாலையே ஒரு குழு அமைக்கப்பட்டது. எந்த மையம் எந்த மையத்திடம் படத் துண்டு வாங்கலாம் என்பதைக் குழு தேர்ந்தெடுக்கும். அதுவரை மெஷின் புதிதாக யாரிடமும் கேட்கக் கூடாது. முதல் கூட்டம் முழுக்க, துண்டு கொடுக்கிற மையத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதிலேயே போய்விட்டது. 'பங்காளி' என்று வைக்கலாம் என்று நான் சொன்னேன். அண்ணாதுரை சாருக்குத் திருமங்கலத்தில் அவருடைய பங்காளியோடு பதினாறு வருஷமாக வரப்புக் கேஸ் நடக்கிறது, முகம் கறுத்துவிட்டது. கடைசியில் 'ஒத்துழைப்பு மையம்' என்று முடிவாயிற்று. கூட்டத்துக்கு வந்த போண்டாவும் முடிந்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு விமல்ராஜ் வந்தார். அவர் தர ஆலோசகர். அந்தக் காலத்தில் ஓசூரில் தடுக்கி விழுந்தால் ஒரு தர ஆலோசகர் மேல்தான் விழ வேண்டும். டீக்கடைக்காரர்கூட டம்ளர் வைக்கிற இடத்தில் ஃபேக்டரி மாதிரி மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார். விமல்ராஜ் லேப்டாப்பைத் திறந்து, சுவரில் ஒரு பெரிய பூஜ்யத்தைக் காட்டினார். அந்தப் பூஜ்யம் நிறம் மாறியது, சுழன்றது, பக்கவாட்டில் போய்த் திரும்பி வந்தது.

"சார், தரம்னா என்ன? புகார் இல்லாம இருக்கறது. எந்த மையத்து மேல புகார் கம்மியோ அதுதான் நல்ல மையம். சிம்பிள்" என்றார்.

இவ்வளவு எளிமையான ஒரு யோசனைக்கு இவ்வளவு பெரிய ஆலோசனைக் கட்டணமா என்று யாரும் கேட்கவில்லை. மையங்களிலிருந்து போனில் வந்த புகார்களைக் குறித்து வைத்திருப்பது நான்தான். எடுத்துப் படித்தேன். குருபரப்பள்ளி மேல் ஒன்பது புகார். தளி மேல் முப்பத்தொன்று.

"முப்பத்தொண்ணா!" என்றார் அண்ணாதுரை சார்.

"கரெண்ட் போனப்ப வந்தது சார் எல்லாம்" என்றாள் வினிதா. "எல்லாரும் தளி கிட்டத்தான் வாங்கிக்கிட்டு இருந்தாங்க. அங்க கரெண்ட் போச்சுன்னா எல்லாருக்கும் நின்னுடும். ஆனா தொள்ளாயிரம் தடவைக்கு மேல ஒழுங்காக் கொடுத்திருக்கு சார்."

"ஒழுங்காக் கொடுத்ததுக்கு யாராவது கடிதம் போட்டிருக்காங்களா?"

"அதுக்கு யாரு சார் போடுவாங்க?"

"அப்ப ஃபைல்ல இல்ல. ஃபைல்ல இருக்கறது முப்பத்தொண்ணுதான்."

விமல்ராஜ் ஒரு கூடுதல் தகவல் கேட்டார். புகார் வந்தபோது தளி மையத்தார் என்ன பதில் சொன்னார்கள்? நான் உள்ளதைச் சொன்னேன். சென்றாயனுக்குப் பதற்றம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "கரெண்ட் இல்லா சார், பருத்தே, பருத்தே" என்பார். வரும், வரும் என்று அர்த்தம். வந்தும் விடும். ஆனால் குழு அதைப் பிற மாநிலத் தொடர்பு என்ற தலைப்பில் தனியாக எடுத்துக்கொண்டது. தளிக்கு லைன் கர்நாடகத்து ஆனேக்கல் பக்கமாகச் சுற்றி வருகிறதா, அப்படி வந்தால் படத் துண்டு எல்லை தாண்டிப் போய்த் திரும்புகிறதா, திரும்பும்போது முழுதாகத் திரும்புகிறதா, அந்த மாநிலம் தனக்கும் அதில் பங்கு கேட்குமா என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில், முன்னெச்சரிக்கை நடவடிக்கையாகத் தளியை நெட்வொர்க்கிலிருந்து நீக்கினார்கள். கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

"புகாரே இல்லாத மையம் எதுவும் இருக்கா?" என்று கேட்டார் விமல்ராஜ்.

இருந்தது. நாகரசம்பட்டி.

குழு ஜீப்பில் கிளம்பி நேரில் ஆய்வுக்குப் போயிற்று. சம்பந்தம் பேசப் போகிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போல, முதலில் ஊர் முனை டீக்கடையில் விசாரித்தோம். "அந்த மையமா? ஒரு வம்புதும்பு கிடையாது. அது இருக்கறதே தெரியாது" என்றார் கடைக்காரர். அண்ணாதுரை சாரும் விமல்ராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

மையத்தின் கதவைத் திறந்ததும் மாம்பழ வாசனை ஆளைத் தூக்கியது. அறை முழுக்க வைக்கோல் பரப்பி செந்தூராவும் மல்கோவாவும் பழுக்க வைத்திருந்தார்கள். நடுவில் மேஜை மேல் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. பொறுப்பாளர் ஆஞ்சப்பன் தோப்புக்காரர். வேட்டியைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார்.

"கம்ப்யூட்டர் எங்கே?" என்றார் அண்ணாதுரை சார்.

"இதுக்குள்ள பத்தரமா இருக்குதுங்க சார். வந்த நாள்ல இருந்து பிரிக்கல. பிரிச்சாக் கெட்டுப் போயிரும்னு வச்சிருக்கறன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சூடம் காட்டிடறங்க."

வினிதா வாய் விட்டுச் சிரித்துவிட்டாள். அண்ணாதுரை சார் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

"சிரிக்கறதுக்கு என்னம்மா இருக்கு? ஒரு பழுது இல்ல. ஒரு புகார் இல்ல. கரெண்ட் போனாக்கூட இந்த மையத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"சார், அதுகிட்ட ஒரு துண்டுகூட இல்ல சார். கொடுக்க என்ன இருக்கு?"

"எல்லாத்தையும் குறையாவே பார்க்காதீங்க" என்றார் விமல்ராஜ். "கொடுக்கத் தவறினதா ஒரு பதிவாவது இருக்கா?"

இல்லை. அதை மறுக்க முடியாது. ஆஞ்சப்பன் மரியாதைக்காக ஆளுக்கொரு பெட்டி மாம்பழம் ஜீப்பில் ஏற்றினார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை. மல்கோவா. வீட்டில் நான்கு நாள் அதைத்தான் சாப்பிட்டோம்.

மறுவாரம் ஆணை வெளியாயிற்று. 'அனைத்து மையங்களும் இனி நாகரசம்பட்டி ஒத்துழைப்பு மையத்திடமிருந்து மட்டுமே படத் துண்டுகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மேற்படி மையத்தின் களங்கமற்ற நிலை எக்காரணம் கொண்டும் பாதிக்கப்படாத வண்ணம், அதன் கம்ப்யூட்டரைப் பிரிப்பது தவிர்க்கப்பட வேண்டும்.' தட்டச்சு செய்தது நான். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு சம்பளத் தேதி ஞாபகம் வந்து ஓடியது.

அதன் பலனாக, அந்தந்த மையத்தில் படம் எங்கே இருந்ததோ அங்கேயே நின்றது. தளியில் முன்பாதி மட்டும் இருந்தது. திரையில் ஒருவர் பிரஸ் மெஷினுக்குள் கையை நீட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். கையை எடுக்கச் சொல்லப் போகிறாரா, இன்னும் உள்ளே வைக்கச் சொல்லப் போகிறாரா என்று தெரியாமல் இருபது பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மற்ற மையத்துக்காரர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. நாகரசம்பட்டிக்கு ஆணையோடு ஒரு பாராட்டுக் கடிதமும் போன கதை அவர்கள் காதுக்கும் போயிற்று. ஒருவர் பின் ஒருவராகக் கம்ப்யூட்டரை அணைத்தார்கள். இரண்டு மையத்தில் பழைய அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து உள்ளே வைத்தார்கள். ஒருவர் எனக்குப் போன் செய்து, குங்குமம் மட்டும் போதுமா, மஞ்சளும் வேண்டுமா என்று கேட்டார். குருபரப்பள்ளி மட்டும் அணைக்கவில்லை. அது நெடுஞ்சாலை ஓரம், பொறுப்பாளர் அதே அறையில் ஜெராக்ஸ் கடையும் வைத்திருந்தார், கம்ப்யூட்டர் இல்லாமல் அவர் பிழைப்பு ஓடாது. மே மாதக் கடைசி வாரத்தில் என் போனில் ஒரு புகார்கூட வரவில்லை. விமல்ராஜ் சுவரில் காட்டிய பூஜ்யம் நிஜமாகவே கிடைத்துவிட்டது.

மாதேஸ்வரி அந்த வாரம்தான் மாடிப்படி ஏறி வந்தாள். பின்னால் தளிப் பெண்கள் சிலர். அவர்களில் சம்பங்கி என்று ஒருத்தி எல்லாருக்கும் பின்னால் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், மீதிப் படம் எப்ப சார் வரும்?" என்றாள் மாதேஸ்வரி.

"நாகரசம்பட்டியில் இருந்து வரணும்மா. கேட்டிருக்கு" என்றார் அண்ணாதுரை சார்.

"அங்க கம்ப்யூட்டரப் பிரிக்கவே இல்லியாமே சார்?"

"அதனாலதான் நம்பிக்கையா இருக்கோம்."

"மாசம் முடியுது சார். அந்த மெஷின்ல மூணு வருஷமா நிக்கறன். இந்தாப் பாருங்க, வெரல் நகம் போனதுகூட அதுலதான். முத்தரை இல்லன்னா ஒண்ணாந் தேதி கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. எங்கூட்ல நான் ஒருத்தி சம்பளத்துலதான் அடுப்பு எரியுது."

"உங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்."

"கனிவெல்லாம் வேணாம் சார். படத்தப் போடுங்க, போதும்."

அண்ணாதுரை சாருக்குக் கோபம் வந்து, என்னை அழைத்து அவள் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். படி இறங்கும்போது வினிதா அவளை நிறுத்தி, பின்பாதி முழுக்கக் குருபரப்பள்ளியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல ஒப்பந்தக்காரிக்கு எங்கே தைரியம்? எனக்கும் இல்லை, நான் நிரந்தரக்காரன்.

மாதேஸ்வரிக்கு அது போதுமானதாக இருந்தது. தளியிலிருந்து ஓசூருக்கு ஒரு பஸ், ஓசூரிலிருந்து குருபரப்பள்ளிக்கு இன்னொரு பஸ். ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே இருபது பேரும் பின்பாதியைப் பார்த்தார்கள். படம் அவர்களைத் தேடிப் போகாததால் அவர்கள் படத்தைத் தேடிப் போனார்கள். பார்த்துவிட்டு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

அன்று எங்களுக்கு விழா. 'பூஜ்யப் புகார் நெட்வொர்க்' என்று விமல்ராஜின் நிறுவனமே ஒரு சான்றிதழ் அச்சடித்து, அவரே வழங்கி, அண்ணாதுரை சார் வாங்கிக்கொள்கிற விழா. எல்லாருக்கும் ஒரு டிபன் பாக்ஸ் உண்டு. மாலையோடு நின்ற அண்ணாதுரை சார் முன்னால் மாதேஸ்வரி போய் நின்றாள்.

"முழுசாப் பார்த்துட்டம் சார். முத்தரை போடுங்க."

"எங்கே பார்த்தீங்க?"

"முன்பாதி தளியில. பின்பாதி குருபரப்பள்ளியில."

"தளி நீக்கப்பட்ட மையம். குருபரப்பள்ளி அங்கீகரிக்கப்படாத மையம். இரண்டையும் சேர்த்து ஒரு முழுப் படம்னு சொல்ல யாருக்கும்மா அதிகாரம் இருக்கு? எங்கே சேர்ந்துச்சு?"

"எங்க தலைக்குள்ள சேர்ந்துருச்சு சார்."

கூட்டத்தில் யாரோ கைதட்டிவிட்டார்கள். போட்டோகிராபர் வேறு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். புகாரற்ற விழாவில் ஒரு புகார் எழுந்துவிடக் கூடாதே என்று விமல்ராஜ் அண்ணாதுரை சார் காதில் ஏதோ சொன்னார். ஐந்தே நிமிஷத்தில் இருபது பேருக்கும் முத்திரை விழுந்தது. அந்த வாரியத்தில் ஐந்து நிமிஷத்தில் நடந்த ஒரே காரியம் அதுதான். எனக்கே ஒரு சந்தோஷம். நானே ஆட்டோக்கள் பிடித்து அவர்களோடு ஏறி, முத்திரைத் தாள்களைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன்.

கம்பெனியின் பணியாளர் மேலாளர் கௌதம் சின்னப் பையன். வாட்ச் மட்டும் பெரியது. தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பன்னிரண்டு இடத்துல பதினொண்ணு போன வாரமே ஃபில் ஆயிடுச்சே! நாகரசம்பட்டி மையத்துல இருந்து முத்திரையோட வந்தாங்க. ஒருத்தர் மேலயும் ஒரு ரிமார்க்குகூட இல்ல, ரொம்ப நீட். மீதி ஒரே இடம்தான் இருக்கு."

நாகரசம்பட்டியில் எந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டியைப் பார்த்திருப்பார்கள். புகாரில்லாத மையம் என்று அண்ணாதுரை சாரும் முத்திரை போட்டிருப்பார். வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் கௌதம் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் முடிவு பண்ணா அது பழைய ஸ்டைல். இப்பல்லாம் கூட வேலை செய்யறவங்களே தேர்ந்தெடுக்கறதுதான் மேனேஜ்மென்ட். நீங்க இருபது பேரும் ஒருத்தர் ஒருத்தரா வந்து ஒரு பேர் சொல்லுங்க. தன் பேரைத் தானே சொல்லக் கூடாது. அவ்வளவுதான் ரூல்."

எனக்கு மனசு லேசாயிற்று. இதில் என்ன கஷ்டம்? அலுவலகப் படி ஏறியவள், பஸ் பிடித்து அழைத்துப் போனவள், மாலை போட்ட அதிகாரியிடம் முத்திரை வாங்கியவள் ஒருத்திதானே! மாதேஸ்வரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொஞ்சம் முன்னால் வந்து நின்றாள்.

முதலில் வந்த பெண் தயங்கி, "சம்பங்கிங்க சார்" என்றாள்.

"ஏன்?"

"நல்ல பொண்ணுங்க சார். யார் கிட்டயும் ஒரு சண்ட சச்சரவு இல்ல. மாதேஸ்வரி அக்காவும் நல்லவங்கதான், ஆனா சூப்ரவைசர் கிட்ட ரெண்டு தடவ வாய்க்கு வாய் பேசிட்டாங்க. ஒருக்கா மெஷின்ல வெரல வேற விட்டுக்கிட்டாங்க."

அடுத்தவளும் சம்பங்கி என்றாள். "மாதேஸ்வரி இன்னிக்கு எங்களப் பஸ்ல நிக்க வச்சே இட்டுக்கினு போனா சார். சம்பங்கியால யாருக்கும் ஒரு தொந்தரவு வந்ததில்ல." மூன்றாமவளும் சம்பங்கி. பிறகு யாரும் காரணம்கூடச் சொல்லவில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். சம்பங்கி முறை வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. கௌதமுக்கு அதுவும் பிடித்துப் போயிற்று.

கடைசியில் மாதேஸ்வரி. அவள் முகம் செத்துப் போயிருந்தது. எனக்குத் தாங்கவில்லை; வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"நீங்க யாரைச் சொல்றீங்க?" என்றார் கௌதம்.

அவள் மற்றப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். ஒருத்தி வாரக் கடைசியில் லீவு போடுகிறவள். ஒருத்தி இவளிடம் வாங்கிய குடையைத் திருப்பித் தராதவள். ஒருத்தி ஊருக்குள் கோள் சொல்கிறவள். கூடவே இருந்து பார்த்ததால் எல்லாரிடமும் இவளுக்குத் தெரிந்த ஏதோ ஒரு குறை இருந்தது. சம்பங்கியைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"சம்பங்கி" என்றாள் மாதேஸ்வரி. "அவ மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது சார்."

கௌதம் கைதட்டினார். ஒருமனதான தேர்வு என்று பலகையில் எழுதினார். என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஆட்டோவில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். சம்பங்கி என்றுதான் சொல்லியிருப்பேன். மாதேஸ்வரி பெயர் என்னிடமே ஒரு தாளில் குறிக்கப்பட்டு இருக்கிறது. சம்பங்கியின் குரலைக்கூட நான் கேட்டதில்லை.

ஒன்றாம் தேதி காலை சம்பங்கியைப் புதுச் சீருடையில் பிரஸ் மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆரம்பிக்கலாம் என்றார் கௌதம். அப்போதுதான் அவள் முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"இத எப்டிங்க சார் ஓட்டறது?"

இந்த மூன்று வருஷமும் அவள் பேக்கிங்கில் இருந்திருக்கிறாள். பிரஸ் மெஷினைத் தொட்டதே இல்லை. நாகரசம்பட்டியிலிருந்து வந்த பதினொருவரும் பக்கத்து மெஷின்களின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கம்பெனி சமயோசிதமாக நடந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நிரந்தர ஆபரேட்டர்களுக்கும் மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்காக, மாதேஸ்வரியை மூன்று மாதத் தற்காலிக ஒப்பந்தத்தில், பழைய கூலிக்கே வைத்துக்கொண்டார்கள். அவளும் தினமும் வந்து கற்றுக்கொடுக்கிறாள். யாராவது கையைத் தப்பான இடத்தில் வைத்தால் சத்தம் போடுகிறாளாம்.

அதைப் பற்றிப் போன வாரம் அவள் மேல் பன்னிரண்டு புகார் வந்திருக்கிறது.